மெதெயின்

மெதெயின் தென் அமெரிக்க நாடான கொலம்பியாவின் வடமேற்குப் பகுதியில், ஆண்டீஸ் மலைத்தொடரின் பள்ளத்தாக்கு ஒன்றில் அமைந்துள்ள நகரம் ஆகும். இது அன்டியோக்கியா மாநிலத்தின் தலைநகரமாகும். தலைநகர் பொகோட்டாவுக்கு அடுத்து, மக்கள்தொகை அடிப்படையில் நாட்டின் இரண்டாவது பெரிய நகரமும் இதுவே. நகரில் சுமார் 25 லட்சம் பேரும், அதனைச் சூழ்ந்த பெருநகரப் பகுதியையும் சேர்த்துச் சுமார் 40 லட்சம் பேரும் வாழ்கின்றனர்.

ஆண்டு முழுவதும் மிதமாக இருக்கும் தட்பவெப்பத்தால் இந்நகரம் "நிலையான இளவேனிலின் நகரம்" என அழைக்கப்படுகிறது. 1990களின் தொடக்கத்தில் உலகிலேயே மிகுந்த கொலைகள் நிகழும் நகரமாக அறியப்பட்ட மெதெயின், பிற்காலத்தில் மலைச்சரிவுக் குடியிருப்புகளை நகரின் மையத்துடன் இணைத்த போக்குவரத்துத் திட்டங்களுக்காக அறியப்படலாயிற்று. நகரைச் சுற்றியுள்ள மலைகள் அதன் அழகுக்கு மட்டுமன்றி, அதன் வரலாறு, சமூகப் பிரிவினை, இடர்கள் ஆகியவற்றுக்கும் காரணமாக உள்ளன.

பெயர்

ஸ்பெயின் நாட்டின் எக்ஸ்ட்ரமதூரா பகுதியில் உள்ள மெதெயின் என்னும் சிற்றூரின் பெயரே இந்நகருக்கு இடப்பட்டது. ஸ்பானிய மொழியில் இரட்டை 'எல்' எழுத்து 'ய' போன்று ஒலிக்கப்படுவதால், மெடெல்லின், மெடலின் என எழுதப்படும் பெயர் அந்நாட்டில் மெதெயின் என ஒலிக்கப்படுகிறது. உள்ளூர் மக்களின் பேச்சில் இவ்வொலி 'ஜ' என்பதற்கு நெருக்கமாகவும் கேட்கும். அன்டியோக்கியாவையும் அதனை அடுத்துள்ள மலைப்பகுதிகளையும் சேர்ந்த மக்கள் "பைசா" எனப்படுகின்றனர்.

புவியியல்

மெதெயின் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், அபுர்ரா பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. சுமார் 60 கிலோமீட்டர் நீளமுடைய இப்பள்ளத்தாக்கின் நடுவே மெதெயின் ஆறு தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்கிறது. பள்ளத்தாக்கின் இருபுறமும் மலைகள் 2,500 மீட்டருக்கும் மேலாக உயர்கின்றன. மேற்கிலுள்ள சில சிகரங்கள் 3,000 மீட்டரையும் கடக்கின்றன. பள்ளத்தாக்கின் தரையிலேயே நுதிபாரா, எல் வோலடோர் ஆகிய தனிக்குன்றுகளும் காணப்படுகின்றன. நகரம் பரந்து விரிவதற்குச் சமவெளி இல்லாமையால், ஆற்றங்கரையில் தோன்றிய குடியிருப்பு காலப்போக்கில் இருபுறச் சரிவுகளிலும் ஏறியது. நகரில் எவ்விடத்தில் நின்று நோக்கினும், தெருவின் முடிவில் ஒரு மலையும் அம்மலையின் மீது செங்கல் வீடுகளும் தெரிவது இதனாலேயே.

நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 6 பாகை வடக்கே இருந்தபோதிலும், உயரத்தின் காரணமாக நகரின் சராசரி வெப்பநிலை 22 பாகை செல்சியசை ஒட்டியே உள்ளது. மாதத்துக்கு மாதம் வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. மழையின் அளவே பருவங்களை வேறுபடுத்துகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதியாகப் பெய்யும்.

வரலாறு

ஸ்பானியர் இப்பள்ளத்தாக்கை முதன்முதலில் 1541ஆம் ஆண்டில் கண்டனர். அப்போது இங்கு பழங்குடி மக்கள் வாழ்ந்து வந்தனர். 1616இல், இன்று எல் பொப்லாடோ எனப்படும் பகுதியில் ஒரு சிறு குடியிருப்பு அமைக்கப்பட்டது. 1675இல் நகருக்குரிய தகுதி முறைப்படி வழங்கப்பட்டது. 1826இல் மாநிலத் தலைநகரம் சான்டா பே தே அன்டியோக்கியாவிலிருந்து மெதெயினுக்கு மாற்றப்பட்டது.

நெடுங்காலமாக மலைகளே நகரின் மதில்களாக இருந்தன. சரக்குகள் கோவேறு கழுதைகளின் மீதும், சில வேளைகளில் பயணிகள் மனிதர்களின் முதுகில் கட்டப்பட்ட மர இருக்கைகளிலும் மலைகளைக் கடந்தனர். 1874இல் தொடங்கப்பட்ட அன்டியோக்கியா இருப்புப்பாதை, மக்தலேனா ஆற்றங்கரையிலுள்ள புவெர்த்தோ பெரியோ துறையை மெதெயினுடன் இணைப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. இடையில் நின்ற மலையைக் குடைந்து, சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள லா கியெப்ரா சுரங்கப்பாதை 1929இல் நிறைவு பெற்ற பின்னரே அந்த இணைப்பு முழுமையடைந்தது. காப்பி வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு நெசவாலைகள் எழுந்தன. 1907இல் தோன்றிய கொல்டெஹேர் நிறுவனம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. 1972இல் அந்நிறுவனத்தின் பெயரில் கட்டி முடிக்கப்பட்ட 36 மாடிக் கட்டடம் இன்றும் நகர மையத்தின் அடையாளமாக விளங்குகிறது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாட்டுப்புறங்களில் நிலவிய அரசியல் வன்முறையாலும், ஆலை வேலைகளை நாடியும் பெருந்தொகையான மக்கள் நகருக்குக் குடிபெயர்ந்தனர். 1951இல் சுமார் 3.6 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1973இல் 10 லட்சத்தைக் கடந்திருந்தது. சமவெளியில் இடம் கிடைக்காதோர் மலைச்சரிவுகளில் தாமே வீடு கட்டிக்கொண்டனர். சாலை, குடிநீர், பள்ளி ஆகியவை அங்கு மிகத் தாமதமாகவே சென்றடைந்தன. எல் பொப்லாடோ போன்ற செல்வர் குடியிருப்புகளும் சரிவில் அமைந்திருப்பினும், பொதுவாக உயரே செல்லச் செல்ல வறுமையும் மிகுந்தது.

வன்முறைக் காலம்

1980களில் போதைப்பொருள் கடத்தல்காரன் பாப்லோ எஸ்கோபாரின் தலைமையிலான குழு மெதெயினைத் தளமாகக் கொண்டு இயங்கியது. வேலையற்ற இளைஞர் பலர் மலைச்சரிவுக் குடியிருப்புகளிலிருந்து கூலிக் கொலையாளிகளாகச் சேர்க்கப்பட்டனர். 1991ஆம் ஆண்டில் மட்டும் நகரில் 6,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இது ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 380 என்னும் விகிதமாகும். 1993 டிசம்பர் 2 அன்று எஸ்கோபார் இந்நகரிலேயே காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டான்.

எனினும் வன்முறை அத்துடன் முடிவுறவில்லை. கெரில்லாப் படைகளும் துணை இராணுவக் குழுக்களும் சரிவுகளைக் கைப்பற்றப் போரிட்டன. மேற்குச் சரிவிலுள்ள 13ஆம் கொமுனாவில் (கொமுனா என்பது நகரின் நிருவாகப் பிரிவு, நகரில் 16 கொமுனாக்கள் உள்ளன) 2002 அக்டோபரில் அரசு "ஓரியன் நடவடிக்கை" என்னும் பெரும் இராணுவத் தாக்குதலை நடத்தியது. அக்காலத்தில் காணாமல் போனோர் பலரின் உடல்கள் லா எஸ்கொம்ப்ரேரா என்னும் இடிபாட்டுக் குவியலில் புதைக்கப்பட்டதாக அவர்களின் குடும்பத்தினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூறி வந்தனர். 2024 டிசம்பரில் அங்கு மனித எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டமை அக்கூற்றை உறுதி செய்தது.

கொலைகளின் எண்ணிக்கை பின்னர் பெரிதும் குறைந்து, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு 400க்கும் கீழே இறங்கியது. இக்குறைவுக்கு நகர்ப்புறத் திட்டங்கள் மட்டுமே காரணம் எனக் கொள்ள இயலாது. துணை இராணுவக் குழுக்களின் ஆயுதக் களைவும், குற்றக் குழுக்களுக்கு இடையே ஏற்பட்ட உடன்பாடுகளும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. குற்றக் குழுக்கள் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை.

மலைகளை இணைத்த போக்குவரத்து

1995 நவம்பர் 30 அன்று மெதெயின் மெட்ரோ தொடர்வண்டிச் சேவை தொடங்கியது. இது கொலம்பியாவின் முதல் மெட்ரோ ஆகும். இதன் முதன்மைத் தடமான ஏ தடம், ஆற்றின் போக்கை ஒட்டிப் பள்ளத்தாக்கின் நீளவாக்கில் செல்கிறது. ஆயினும் மேலே வசித்தோர் நிலையத்தை அடைவதற்குச் செங்குத்தான படிகளிலும் குறுகிய சந்துகளிலும் இறங்கி வரவேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வாக 2004இல் கே தடம் எனப்படும் கம்பிவட ஊர்தி (ரோப் கார்) திறக்கப்பட்டது. சுமார் 2 கிலோமீட்டர் நீளமுடைய இத்தடம், அசெவேடோ மெட்ரோ நிலையத்தை வடகிழக்குச் சரிவிலுள்ள சான்டோ டொமிங்கோ குடியிருப்புடன் இணைக்கிறது. மலைவாழிடங்களிலும் பனிச்சறுக்கு மையங்களிலும் சுற்றுலாவுக்காகப் பயன்பட்ட ஒரு கருவி, இங்கு அன்றாடம் வேலைக்குச் செல்வோருக்கான பொதுப் போக்குவரத்தாக மாறியது. கம்பிவட ஊர்தியிலிருந்து தொடர்வண்டிக்கு மாறுவோர் தனிக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பது இதன் பயனைப் பெருக்கியது. கம்பிவடத் தூண்களுக்குச் சிறிதளவு நிலமே போதும் ஆதலால், நெருக்கமான குடியிருப்புகளில் அகன்ற சாலை அமைப்பதைக் காட்டிலும் குறைந்த வீடுகளே அகற்றப்பட்டன.

இதனைத் தொடர்ந்து பின்வரும் இணைப்புகள் உருவாயின:

- ஜே தடம் (2008): மேற்குச் சரிவிலுள்ள சான் ஹவியேர் - லா அவுரோரா.
- எல் தடம் (2010): சான்டோ டொமிங்கோவிலிருந்து அர்வி பூங்கா வரை. இது பெரும்பாலும் சுற்றுலாவுக்கானது. தனிக் கட்டணம் உண்டு.
- நகரும் படிக்கட்டுகள் (2011): 13ஆம் கொமுனாவில் திறந்தவெளியில் ஆறு பகுதிகளாக, மொத்தம் 384 மீட்டர் நீளத்தில் அமைக்கப்பட்டவை. கட்டணம் இல்லை.
- அயகூச்சோ டிராம், எச் தடம், எம் தடம்: கிழக்குச் சரிவுக்கானவை, 2015 முதல் 2019 வரை படிப்படியாகத் திறக்கப்பட்டன.
- பி தடம் (2021): அசெவேடோவிலிருந்து வடமேற்குச் சரிவுக்கு.

கணிதப் பேராசிரியரான செர்ஹியோ பஹார்தோ நகர முதல்வராக இருந்த காலத்தில் (2004-2007), இத்தடங்களைச் சூழ்ந்து நூலகப் பூங்காக்கள், பள்ளிகள், நடைபாலங்கள் ஆகியன கட்டப்பட்டன. நகரின் மிகச் சிறந்த கட்டடங்கள் மிக வறிய பகுதிகளில் அமைய வேண்டும் என்பது அவரது கொள்கையாக இருந்தது. எல்லாத் திட்டங்களும் வெற்றி பெறவில்லை. 2007இல் சான்டோ டொமிங்கோவில் திறக்கப்பட்டுப் புகழ்பெற்ற எஸ்பானியா நூலகம், கட்டுமானக் குறைகளால் பின்னர் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2016இல் சிங்கப்பூரின் லீ குவான் யூ உலக நகரப் பரிசு மெதெயினுக்கு வழங்கப்பட்டது.

பார்க்கத்தக்க இடங்கள்

பொட்டேரோ சதுக்கம்: நகர மையத்தில் அன்டியோக்கியா அருங்காட்சியகத்தின் முன்பாக உள்ளது. மெதெயினில் பிறந்த ஓவியரும் சிற்பியுமான பெர்னாண்டோ பொட்டேரோ (1932-2023) வழங்கிய 23 வெண்கலச் சிற்பங்கள் இங்கு திறந்தவெளியில் வைக்கப்பட்டுள்ளன. பருத்த உருவங்களே இவரது பாணியாகும்.

சான் அன்டோனியோ பூங்கா: 1995 சூன் மாதம் இங்கு நடைபெற்ற இசை நிகழ்ச்சியின்போது, பொட்டேரோவின் பறவைச் சிற்பத்தில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிதைந்த சிற்பத்தை அகற்றக் கூடாது எனக் கேட்டுக்கொண்ட பொட்டேரோ, 2000இல் அதே போன்ற புதிய பறவையை வழங்கினார். உடைந்த பறவையும் முழுமையான பறவையும் இன்று அருகருகே நிற்கின்றன.

13ஆம் கொமுனா: நகரும் படிக்கட்டுகள், சுவரோவியங்கள், ஹிப்-ஹாப் இசை, நடனம் ஆகியவற்றுக்காகப் பெருந்திரளானோர் வருகின்றனர். சுவரோவியங்கள் பலவும் 2002ஆம் ஆண்டு நிகழ்வுகளையும் காணாமல் போனோரையும் நினைவுகூர்வன. அப்பகுதியைச் சேர்ந்த வழிகாட்டிகளுடன் செல்வோர் இவற்றின் பொருளை நன்கு அறிய இயலும்.

அர்வி பூங்கா: எல் தடத்தின் இறுதியில், நகரைக் காட்டிலும் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள காட்டுப்பகுதி. வீட்டுக் கூரைகளைக் கடந்து செல்லும் ஊர்தி, மலைமுகட்டைத் தாண்டியதும் அடர்ந்த மரங்களின் மீது செல்கிறது. இங்கு குளிர் மிகுதி.

நுதிபாரா குன்று: இதன் உச்சியில் பழைய அன்டியோக்கியச் சிற்றூர் ஒன்றின் மாதிரி அமைக்கப்பட்டுள்ளது. பள்ளத்தாக்கின் இருபுறச் சரிவுகளையும் இங்கிருந்து ஒருங்கே காணலாம்.

நினைவு இல்ல அருங்காட்சியகம்: ஆயுத மோதலில் பாதிக்கப்பட்டோரின் சான்றுரைகளைக் கொண்டது. எஸ்கோபாரின் குடும்பம் வாழ்ந்த மொனாக்கோ கட்டடம் 2019 பிப்ரவரியில் தகர்க்கப்பட்டு, அவ்விடத்தில் உயிரிழந்தோருக்கான நினைவுப் பூங்கா அமைக்கப்பட்டது. கடத்தல்காரனின் வாழ்வைக் கேளிக்கையாக்கும் சுற்றுலாக்கள் பாதிக்கப்பட்ட குடும்பங்களைப் புண்படுத்துவதாக உள்ளூர் மக்கள் பலர் கருதுகின்றனர்.

பண்பாடும் விழாக்களும்

மலர் விழா: 1957இல் தொடங்கிய இவ்விழா ஆகஸ்ட் மாதத்தில் நடைபெறுகிறது. நகருக்குக் கிழக்கே மலைமீதுள்ள சான்டா எலெனா பகுதி உழவர்கள், பல்வகை மலர்களால் அமைக்கப்பட்ட பெரும் வட்டங்களை முதுகில் சுமந்து ஊர்வலமாக வருகின்றனர். இவர்கள் சியெதேரோக்கள் எனப்படுவர். "சியா" என்னும் ஸ்பானியச் சொல் நாற்காலியைக் குறிக்கும். முற்காலத்தில் மலைவழியே மனிதர்களையும் சரக்குகளையும் சுமக்கப் பயன்பட்ட அதே முதுகு இருக்கையே மலர்களைத் தாங்கும் சட்டமாக மாறியது. சில மலர்ச் சுமைகள் 70 கிலோகிராமையும் எட்டுகின்றன.

கவிதை விழா: மெதெயின் பன்னாட்டுக் கவிதை விழா 1991இல், கொலைகள் உச்சத்தில் இருந்த ஆண்டில் தொடங்கப்பட்டது. மாலைப்பொழுதில் வெளியே வர மக்கள் அஞ்சிய காலத்தில், பொது இடங்களில் கூடிக் கவிதை கேட்பதே வன்முறைக்கு எதிரான செயலாகக் கருதப்பட்டது. இவ்விழா 2006இல் வாழ்வுரிமை விருதைப் பெற்றது.

இசை: 1935 சூன் 24 அன்று அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற டாங்கோப் பாடகர் கார்லோஸ் கார்டெல் இந்நகரின் வானூர்தி நிலையத்தில் நிகழ்ந்த விபத்தில் இறந்தார். அதன் பின்னர் டாங்கோ இசை இங்கு ஆழமாக வேரூன்றியது. ரெகெட்டோன் இசைக் கலைஞர்களான ஜே பால்வின், மலூமா, கரோல் ஜி ஆகியோர் மெதெயினில் பிறந்தவர்கள்.

கால்பந்து: அட்லெட்டிகோ நசியோனால், இன்டிபென்டியென்டே மெதெயின் ஆகிய இரு அணிகளும் அட்டனாசியோ ஹிரார்டோட் விளையாட்டரங்கைப் பகிர்ந்துகொள்கின்றன. நசியோனால் அணி 1989, 2016 ஆகிய ஆண்டுகளில் தென் அமெரிக்கக் கழகங்களுக்கான லிபெர்த்தடோரெஸ் கோப்பையை வென்றது.

உணவு

அவரை வகைக் குழம்பு, சோறு, அரைத்த இறைச்சி, பொரித்த பன்றித் தோல், முட்டை, வாழைப்பழப் பொரியல், வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றை ஒரே தட்டில் கொண்ட "பந்தேஹா பைசா" இப்பகுதியின் புகழ்பெற்ற உணவாகும். மக்காச்சோள மாவில் செய்யப்படும் அரேப்பா என்னும் அடை பெரும்பாலான உணவுகளுடன் பரிமாறப்படுகிறது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் செய்யப்படும் "பனேலா", வெல்லத்தை ஒத்தது. இதனை நீரில் கரைத்துப் பருகும் வழக்கம் பரவலாக உள்ளது. சிறு கோப்பையில் தரப்படும் பாலில்லாக் காப்பி "டின்டோ" எனப்படும்.

மலைகளால் ஏற்படும் இடர்கள்

மழைக்காலங்களில் மண்சரிவு பெரும் அச்சுறுத்தலாக உள்ளது. 1987 செப்டம்பர் 27 அன்று கிழக்குச் சரிவிலுள்ள வியடினா குடியிருப்பில் ஏற்பட்ட மண்சரிவில் சுமார் 500 பேர் உயிரிழந்தனர். 2025 சூனில், மெதெயினை ஒட்டிய பெயோ நகராட்சியின் மலைக் குடியிருப்பு ஒன்றில் நிகழ்ந்த மண்சரிவிலும் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழையளவையும் ஆறுகளின் நீர்மட்டத்தையும் தொடர்ந்து கண்காணிக்கும் முன்னெச்சரிக்கை அமைப்பு ஒன்று பள்ளத்தாக்கு முழுவதும் இயங்குகிறது. எனினும் வேறு இடமின்மையால் புதிதாக வருவோர் மேலும் உயரத்திலேயே குடியேறுகின்றனர்.

மற்றோர் இடர் காற்று மாசு ஆகும். பள்ளத்தாக்கின் மீது தாழ்வான மேகங்கள் மூடும் காலங்களில், ஊர்திகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வெளிப்படும் புகை மலைகளைக் கடந்து வெளியேற இயலாமல் தேங்குகிறது. குறிப்பாக மார்ச் மாதத்தை ஒட்டி இந்நிலை ஏற்படுகிறது. ஊர்திகளின் பதிவெண்ணைக் கொண்டு, குறித்த நாட்களில் அவை ஓடுவதைத் தடுக்கும் முறை நடைமுறையில் உள்ளது. 2016 முதல் சாலைகளையும் ஓடைகளையும் ஒட்டி மரஞ்செடிகள் நட்டு, 30 பசுமை வழித்தடங்கள் உருவாக்கப்பட்டன.

பயணக் குறிப்புகள்

பன்னாட்டு வானூர்திகள் நகருக்கு வெளியே, கிழக்கு மலைகளுக்கு அப்பால் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் ரியோநெக்ரோவில் உள்ள ஹொசே மரியா கோர்தோவா நிலையத்தில் இறங்குகின்றன. 2019இல் திறக்கப்பட்ட, சுமார் 8.2 கிலோமீட்டர் நீளமுள்ள கிழக்குச் சுரங்கப்பாதை வழியே நகரை அடையலாம். பழைய மலைச்சாலையில் வருவோர் வளைவு ஒன்றில் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே பார்வையில் காண்பர். பள்ளத்தாக்கினுள் உள்ள ஒலாயா எர்ரேரா நிலையம் உள்நாட்டுச் சேவைகளுக்கானது.

நகரின் உயரம் பொதுவாக மூச்சுத் திணறலை உண்டாக்குவதில்லை. ஆயினும் குடையும், அர்வி செல்வோருக்குக் கம்பளி ஆடையும் தேவைப்படும். ஸ்பானிய மொழியில் சில சொற்களை அறிந்திருப்பது பயனுள்ளது. மெட்ரோவிலும் கம்பிவட ஊர்தியிலும் செல்ல "சீவிகா" என்னும் மின்னணு அட்டை பயன்படுகிறது. காலையிலும் மாலையிலும் இவை வேலைக்குச் செல்வோரால் நிரம்பி வழிவதால், ஊரைக் காண மட்டும் பயணம் செய்வோர் அந்நேரங்களைத் தவிர்ப்பது நன்று. நிலையங்களிலும் ஊர்திகளிலும் உணவு உண்பது அனுமதிக்கப்படுவதில்லை. மெட்ரோவின் தூய்மையைத் தமது பெருமையாக உள்ளூர் மக்கள் பேணுகின்றனர்.

சுற்றுலாவின் வளர்ச்சி பலருக்கு வருவாய் அளித்துள்ளது. அதே வேளை, வெளிநாட்டவர் மிகுதியாகத் தங்கும் எல் பொப்லாடோ, லவுரெலெஸ் பகுதிகளில் வீட்டு வாடகை உயர்ந்து, உள்ளூர் மக்கள் இடம்பெயர நேர்வதாகக் குறை கூறப்படுகிறது. மேலிருந்தோரைக் கீழே இணைக்கப் பாடுபட்ட நகருக்கு, கீழிருப்போர் விலையேற்றத்தால் மீண்டும் மேலே தள்ளப்படுவதைத் தடுப்பது புதிய சவாலாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

- கொலம்பியா
- ஆண்டீஸ் மலைத்தொடர்
- பெர்னாண்டோ பொட்டேரோ
- கம்பிவட ஊர்தி
- பொகோட்டா